மவுண்டன் பைக்கின் பின் ஷாக்: வீட்டிலேயே சர்வீஸும் செட்டிங்கும்

முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் செயினைத் துடைப்பார்கள், பிரேக் பேடு மாற்றுவார்கள், டயரில் காற்று பார்ப்பார்கள். பின் ஷாக்கை மட்டும் தொட மாட்டார்கள். விலை அதிகம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, காற்றழுத்தம் வேறு 200 பிஎஸ்ஐ என்று மிரட்டும். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் ஷாக்கின் ஒரு பாதிக்குத்தான் பொருந்தும். மறு பாதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாதாரணக் கருவிகளோடு வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம். எது எந்தப் பாதி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே இருக்கும் இரண்டு உலகங்கள்

ஏர் ஷாக்கில் வெளியே தடிமனாகத் தெரியும் உருளைதான் ஏர் கேன். அதற்குள் அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. ஏர் கேனின் வாய் வழியாக உள்ளே போய் வெளியே வரும் பளபளப்பான குழாய்க்குள் டேம்பர் இருக்கிறது. அதில் ஆயிலும், பல மாடல்களில் ஆயிலுக்குப் பின்னால் அதிக அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜனும் இருக்கும். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகத்தில் திரும்பி நீள வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது டேம்பர்.

காற்றுப் பக்கத்தை நீங்கள் திறக்கலாம். டேம்பரைத் திறக்கக் கூடாது. நைட்ரஜன் அடைக்கத் தனிக் கருவி வேண்டும், ஆயிலில் ஒரு குமிழி கூட இல்லாமல் நிரப்பவும் தனிச் சாதனம் வேண்டும். அந்த அழுத்தத்தை இறக்காமல் திருகைக் கழற்றினால் பாகங்கள் முகத்தை நோக்கிப் பாயும். வீடியோ பார்த்துவிட்டு டேம்பரையும் ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம்.

ஏர் கேனுக்குள்ளும் இரண்டு அறைகள் உண்டு. ஷாக்கை நீட்டித் தள்ளுவது பாசிட்டிவ் அறை. அதற்கு எதிராக ஷாக்கை உள்ளே இழுக்க முயல்வது நெகட்டிவ் அறை. இந்த எதிர் இழுப்பு இருப்பதால்தான் சின்னக் கல்லுக்கும் ஷாக் இளகிக் கொடுக்கிறது. ஷாக் கொஞ்சம் அமுங்கிய ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஏர் கேனின் உள் சுவரில் உள்ள சிறு பள்ளம் வழியாக இரண்டு அறைகளின் காற்றும் சமமாகும். இந்தப் பள்ளத்தை நினைவில் வையுங்கள். காற்று அடிப்பது, இறக்குவது, கிரீஸ் தடவுவது எல்லாவற்றிலும் இது குறுக்கே வரும்.

எப்போது செய்ய வேண்டும்

ராக்‌ஷாக்ஸ் என்ற நிறுவனம் தன் ஷாக்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஏர் கேன் சர்வீஸும், 200 மணி நேரத்துக்கு ஒரு முறை டேம்பர் சர்வீஸும் சொல்கிறது. ஃபாக்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழு சர்வீஸ் என்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆறு மாதத்தில் 50 மணி நேரம் வந்துவிடும். மழையிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் இன்னும் முன்கூட்டியே செய்ய வேண்டும். சேறு காய்ந்து தூளாகி சீலுக்குள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போனால் அது உப்புத்தாள் மாதிரி குழாயைத் தேய்க்க ஆரம்பிக்கும்.

மணிக்கணக்கு பார்க்காவிட்டாலும் ஷாக்கே அறிகுறி காட்டும். சின்ன மேடுகளில் முன்பு இருந்த மென்மை போய் ஒட்டிக்கொண்டு நகர்வது போல இருந்தால் சீல்கள் வறண்டிருக்கின்றன. ஒரு வாரத்தில் காற்று கணிசமாக இறங்கினால் சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது வால்வு தளர்ந்திருக்கிறது. முதலில் வால்வின் உள் ஊசியை வால்வு சாவியால் லேசாக இறுக்கிப் பாருங்கள். பல சமயம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சொட்டும் அளவுக்கு ஆயில் வந்தால் அது டேம்பர் கசிவு, கடைக்குப் போக வேண்டிய கேஸ்.

இன்னொரு சோதனையையும் செய்யுங்கள். சீட்டைப் பிடித்துப் பின் சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பும் வரை தூக்கி இறக்குங்கள், மறு கை விரல்களை ஷாக்கின் கண்ணும் (முனையில் போல்ட் போகும் துளை) ஃபிரேமும் சேரும் இடத்தில் வைத்திருங்கள். டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் கண்ணுக்குள் இருக்கும் புஷ் என்ற சிறு வளையம் தேய்ந்திருக்கிறது. இது ஷாக்கின் உள் கோளாறு அல்ல. புஷ் விலை குறைவு, மாற்றுவதும் எளிது. ஷாக்கே போய்விட்டது என்று நினைத்து வருபவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது இந்தப் புஷ் மட்டும்தான்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

இதில் ஷாக் பம்ப்தான் முக்கியம். டயர் பம்பால் இந்த வேலை ஆகாது. ஷாக்குக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு மிகக் குறைவு, அழுத்தமோ மிக அதிகம். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சமே காற்று தள்ளி 300 பிஎஸ்ஐ வரை போகக்கூடிய பம்ப் வேண்டும். மற்றபடி அலன் கீ செட், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச், வைஸ், வைஸின் பற்களுக்கு இடையே வைக்க மரத்துண்டு அல்லது ரப்பர், நூல் உதிராத துணி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. சீல் எடுக்க பிளாஸ்டிக் குச்சியோ கூராகச் சீவிய மூங்கில் குச்சியோ போதும். ஸ்க்ரூ டிரைவரையும் ஊசியையும் அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

சீல் கிட் உங்கள் மாடலுக்கே உரியதாக இருக்க வேண்டும். ஃபாக்ஸ் ஷாக்கில் நான்கு எழுத்து, எண் கொண்ட ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். ராக்‌ஷாக்ஸில் சீரியல் எண் பொறித்திருக்கும். அதை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் எந்த கிட், எந்த ஆயில், எவ்வளவு மில்லி என்பது வரை வந்துவிடும். கிட் வந்து சேர நாளாகும் என்பதால், அது கைக்கு வரும் வரை ஷாக்கைப் பிரிக்காதீர்கள். சுத்தம் செய்யத்தானே போகிறோம், பழைய சீலையே போட்டுவிடலாம் என்று திறந்தால், எடுக்கும்போதே ஒரு சீல் கிழிந்து வாரக்கணக்கில் சைக்கிள் நிற்கும்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ஷாக்குக்கு ஆகாது. அது தடிமன், சில வகைகள் ரப்பரையும் உப்ப வைக்கும். சஸ்பென்ஷனுக்கென்றே வரும் கிரீஸ் ஒரு சின்ன டப்பா வாங்கினால் சில ஆண்டுகளுக்கு வரும்.

கழற்றும் முன் எழுதி வையுங்கள்

காற்றழுத்தம் எவ்வளவு, ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் வேகம்) எத்தனையாவது கிளிக்கில் இருக்கிறது, கம்ப்ரெஷன் (ஷாக் அமுங்கும் வேகம்) லீவர் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ரீபவுண்ட் பெரும்பாலும் சிவப்புத் திருகு. அதை வலஞ்சுழியாகக் கடைசி வரை மெதுவாகத் திருகிக்கொண்டே எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணுவதுதான் எல்லாருக்கும் பொதுவான வழக்கம். ஷாக் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது, போல்ட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வாஷர் எங்கே என்பதைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

ஷாக்கைக் கழற்றியதும் சைக்கிளின் பின் பாகத்தைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாக் இல்லாதபோது அது தன் எடையிலேயே தாராளமாக விழ வேண்டும். கரகரப்போ இறுக்கமோ தெரிந்தால் இணைப்பு பேரிங்குகள் போயிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஷாக்கை மட்டும் எவ்வளவு சர்வீஸ் செய்தாலும் சைக்கிள் இளகாது.

காற்றை இறக்குதல்

இந்த இடத்தில் அவசரம் கூடாது. வால்வின் ஊசியை ஒரே அழுத்தாக அழுத்திக் காற்றை விட்டால் பாசிட்டிவ் அறை மட்டும் காலியாகும். நெகட்டிவ் அறையில் மாட்டிக்கொண்ட காற்று ஷாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். லீவரை முழுக்கத் திறந்த நிலையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இறக்குங்கள். இடையிடையே ஷாக்கைச் சிறிது அமுக்கி விடுங்கள், அந்தச் சமன் பள்ளம் வழியாக நெகட்டிவ் அறையின் காற்றும் வெளியேறும். கடைசியில் ஊசியை அழுத்தியபடியே ஷாக் இயல்பான நீளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாக் சுருங்கியபடி நின்றுவிட்டால் மீண்டும் காற்று அடித்து முழுதாக நீளச் செய்து, இன்னும் மெதுவாக இறக்குங்கள். காற்று அடித்தும் நீளவில்லையென்றால் நெகட்டிவ் அறையில் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் ஏர் கேனைத் திருகித் திறந்தால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயலாம். அப்படியே எடுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போவதுதான் ஒரே வழி.

ஏர் கேனைத் திறத்தல்

ஃபாக்ஸ் ஃப்ளோட் டிபிஎஸ் போன்ற நேர்வடிவ ஷாக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதன்முறையாகச் செய்பவர்களுக்கு ஏற்றது இந்த வகைதான். பக்கத்தில் தனியாக டேங்க் வைத்த பெரிய ஷாக்குகளில் சிலவற்றில் ஏர் கேன் வேறு விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு அந்த மாடலின் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

வால்வும் லீவரும் இருக்கும் பக்கத்துக் கண்ணை, மரத்துண்டு வைத்து வைஸில் பிடியுங்கள். பளபளப்பான குழாயை வைஸில் பிடிக்கவே கூடாது. மறுமுனைக் கண்ணிலிருக்கும் உலோக ஸ்பேசர்களை எடுத்துவிடுங்கள், ஏர் கேன் அந்த வழியாகத்தான் கழன்று வர வேண்டும். ஆனால் முதலில் அந்தக் கண் துளைக்குள் ஒரு தடித்த துணியைச் செருகி முடிச்சுப் போடுங்கள். உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிஞ்சியிருந்தாலும் கேன் பறக்காமல் துணி தடுக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை நேர்கோட்டில் வைக்காதீர்கள்.

இப்போது கேனை இடஞ்சுழியாகத் திருகுங்கள். ரப்பர் கையுறையோடு கையாலேயே வரும். வரவில்லையென்றால் பழைய டியூபை நறுக்கிக் கேனைச் சுற்றிப் பிடித்தால் பிடிமானம் கிடைக்கும். பைப் ரென்ச் போடாதீர்கள், கேன் நசுங்கிவிடும். மரை விட்டதும் கேனைக் கீழே இழுக்கும்போது வெற்றிடம் போல எதிர்த்து இழுக்கும். நேராக, பலமாக இழுத்தால் பொப் என்ற சத்தத்தோடு விடுபடும். பிறகு துணியை அவிழ்த்துக் கேனை முழுதாக உருவுங்கள்.

பழைய கிரீஸ் என்ன நிறத்தில் இருக்கிறதென்று பாருங்கள். கறுத்து, மண் கலந்திருந்தால் சர்வீஸ் தாமதமாகிவிட்டது. நிறையத் திரவ ஆயில் தேங்கி நின்றால், டேம்பர் உள்ளுக்குள் கசிகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். நிறுவனமே உயவுக்காகச் சில மில்லி ஆயில் விட்டிருக்கும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீல்களை மாற்றுதல்

சீல்கள் இரண்டு இடங்களில் உள்ளன. டேம்பர் குழாயின் தலையில், ஏர் கேனின் உள் சுவரோடு உரசும் பெரிய சீல் ஒன்று. பெரும்பாலும் அது எக்ஸ் வடிவக் குறுக்குவெட்டு கொண்ட ரப்பர் வளையம், அதன் இருபுறமும் மெல்லிய கெட்டியான பிளாஸ்டிக் வளையங்கள். இரண்டாவது இடம் ஏர் கேனின் கழுத்து. அங்கே வெளிப்புறம் தூசி தடுக்கும் சீல், உள்ளே வழுக்கு வளையம், அதற்குள் காற்றைப் பிடிக்கும் சீல். இவை போக மரைக்கு அருகே ஒரு ஓ-ரிங்.

வெளியே இருக்கும் சீலை எடுக்க ஒரு வழி உண்டு. வளையத்தின் இரு புறத்தையும் விரல்களால் நெருக்கித் தள்ளினால் நடுவில் சிறு வளைவாக எழும்பும். அதற்கடியில் குச்சியை விட்டுத் தூக்கினால் வந்துவிடும். கழுத்துக்குள் இருப்பவற்றைப் பொறுமையாக நெம்ப வேண்டும். இந்த வேலையிலேயே நேரம் பிடிப்பது இதுதான். எடுத்த ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி, புதியதை அதனருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சீலின் உதடு போன்ற விளிம்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதற்கும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பள்ளங்களை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்புக் குழாய் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் மங்கிய கோடு பரவாயில்லை. நகம் மாட்டும் கீறல் இருந்தால் புதிய சீலும் சீக்கிரமே வெட்டுப்பட்டுக் காற்றை விடும். அதைக் கடைக்காரரிடம் காட்டி, குழாய் மாற்ற முடியுமா என்று கேட்பதுதான் சரி.

புதிய சீலைப் போடும்போது மெல்லியதாகக் கிரீஸ் தடவிக் கைவிரலாலேயே பள்ளத்தில் உட்கார வையுங்கள். எக்ஸ் வடிவ வளையம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். கழுத்துக்குள் போகும் சீலை அவரைவிதை வடிவில் மடித்து உள்ளே விட்டு, விரலால் விரித்துவிடலாம். பிளாஸ்டிக் வளையத்தில் சாய்வான வெட்டு இருந்தால் இரு முனைகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பொருந்த வேண்டும்.

கிரீஸ் எவ்வளவு என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சீல் மேல் ஈரமாக மின்னும் அளவுக்கு ஒரு படலம், தூசி சீலுக்கும் உள் சீலுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதலாக. அவ்வளவுதான். வாரி அப்பினால் அதிகப்படியான கிரீஸ் அந்தச் சமன் பள்ளத்தை அடைத்துவிடும். இரண்டு அறைகளும் சமமாக முடியாமல் ஷாக் சுருங்கியே நிற்கும். உங்கள் மாடலுக்குக் கேனுக்குள் ஆயில் விடச் சொல்லியிருந்தால் சொன்ன மில்லி அளவைச் சிரிஞ்சில் அளந்து விடுங்கள்.

திரும்ப மாட்டுதல்

கேனைக் கீழ்க் கண் வழியாக நுழைத்து, குழாய் மேல் நேராகத் தள்ளுங்கள். தலைச் சீல் கேனுக்குள் நுழையும் இடத்தில் லேசாக இருபுறமும் திருப்பிக்கொண்டே அழுத்தினால் சீல் மடங்காமல் போகும். மரையைப் பிடிக்கும் முன் ஒரு சுற்று எதிர்ப்பக்கம் திருப்புங்கள், மரைகள் பொருந்தும் இடத்தில் சின்ன டக் தெரியும். அங்கிருந்து வலஞ்சுழியாகக் கையால் இறுக்கினால் போதும். குறுக்கு மரை ஏறினால் கேனும் போச்சு, அது மாட்டும் மரையும் போச்சு.

50 பிஎஸ்ஐ அடித்து ஷாக் முழுதாக நீள்கிறதா என்று பாருங்கள். பிறகு பழைய அழுத்தத்துக்கு ஏற்றி, வால்வையும் கழுத்தையும் சுற்றிச் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரவில்லையென்றால் ஃபிரேமில் மாட்டலாம். போல்ட்டுகளுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை ஃபிரேம் தயாரித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பல ஃபிரேம்களில் இணைப்பின் மேலேயே அந்த எண் அச்சாகியிருக்கும்.

காற்று அடிப்பதில் ஒரு முறை

ஷாக் பம்பைக் கழற்றும்போது உஸ் என்று சத்தம் வரும். அது பம்பின் குழலுக்குள் இருந்த காற்று, ஷாக்கிலிருந்து போவது அல்ல. மீண்டும் மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டும். ஷாக்கின் காற்றில் ஒரு பங்கு காலியான குழலை நிரப்பப் போய்விடுவதுதான் காரணம். அதனால் அழுத்தம் சரியா என்று அடிக்கடி பம்ப் மாட்டிப் பார்ப்பதால் பயனில்லை. மாட்டினால் தேவையான எண்ணுக்குத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

தொடக்க அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து உங்கள் எடை எத்தனை பவுண்டோ அத்தனை பிஎஸ்ஐ. 70 கிலோ என்றால் சுமார் 155. ஃபிரேமின் அமைப்பைப் பொறுத்து இது நிறையவே மாறும், ஆனால் அளக்கத் தொடங்க ஒரு புள்ளி கிடைத்துவிடும். ஷாக்கின் மேல் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டும் தாண்டாதீர்கள். 50 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம் நிறுத்தி, ஷாக்கை அதன் ஓட்டத்தில் (அது முழுதாக அமுங்கக்கூடிய தூரம்) கால்பங்கு வரை பல முறை மெதுவாக அமுக்கி விடுங்கள். நெகட்டிவ் அறையும் கூடவே நிரம்பும். அப்படிச் செய்த பின் மீட்டர் இறங்கியிருந்தால் கவலைப்பட வேண்டாம், காற்று அடுத்த அறைக்குப் போயிருக்கிறது. மீண்டும் ஏற்றுங்கள்.

சேக் அளப்பது

நீங்கள் ஏறி உட்கார்ந்தாலே ஷாக் கொஞ்சம் அமுங்கும். அந்த அமுக்கத்துக்குத்தான் சேக் என்று பெயர். மற்ற எல்லா செட்டிங்கும் இதன் மேல்தான் நிற்கிறது. இது தவறாக இருக்கும்போது ரீபவுண்டைத் திருகுவதும் கம்ப்ரெஷனைத் திருகுவதும் வீண் வேலை.

முதலில் ஷாக்கின் ஓட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய வேண்டும். 210 x 55 என்று எழுதியிருந்தால் ஒரு கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம் வரை 210 மி.மீ., ஓட்டம் 55 மி.மீ. 2016 முதல் வந்த மெட்ரிக் அளவுகள் இப்படி இருக்கும். பழைய சைக்கிள்களில் 200 x 57 போன்ற அளவுகளைப் பார்க்கலாம், அவை அங்குலக் கணக்கிலிருந்து வந்தவை. வெளியே தெரியும் குழாயின் நீளத்தை ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில ஷாக்குகளில் அது ஓட்டத்தைவிட அதிகமாக இருக்கும்.

லீவரை முழுக்கத் திறந்து வையுங்கள். காட்டுக்குள் போகும்போது என்னவெல்லாம் சுமப்பீர்களோ எல்லாவற்றையும் அணிந்துகொண்டு சுவரோரம் ஏறி உட்காருங்கள். ஓரிரு முறை துள்ளி ஷாக்கை இளக்கிவிட்டு, பிறகு அசையாமல் இருங்கள். ஒருவர் உதவிக்கு இருந்தால் குழாயில் இருக்கும் ஓ-ரிங்கைக் கேனின் கழுத்தோடு ஒட்டித் தள்ளச் சொல்லுங்கள். பிறகு துள்ளாமல் மெதுவாக இறங்கி, ஓ-ரிங் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். ராக்‌ஷாக்ஸின் பல மாடல்களில் குழாயிலேயே சதவீதம் அச்சிட்டிருப்பதால் அளவுகோலும் வேண்டாம்.

மேடு பள்ளம் நிறைந்த பாதையில் ஓட்டும் டிரெயில் சைக்கிளுக்கு 30 சதவீதம் நல்ல இலக்கு. 55 மி.மீ. ஓட்டத்தில் அது 16.5 மி.மீ. மிதிப்பதுதான் முக்கியம் என்று நினைக்கும் கிராஸ்கன்ட்ரி ஆட்கள் 20 முதல் 25 சதவீதம் வைப்பார்கள். அதிகமாக அமுங்கினால் 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள், குறைவென்றால் இறக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஷாக்கை அமுக்கி அறைகளைச் சமமாக்கிவிட்டுத்தான் மீண்டும் அளக்க வேண்டும்.

ரீபவுண்டும் மற்றவையும்

ரீபவுண்டை நடுக் கிளிக்கில் வைத்துத் தொடங்குங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்கிப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கி, திரும்பி, ஒருமுறை லேசாகத் தாண்டி அடங்க வேண்டும். குதிரை போல இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம், ஒரு கிளிக் மூடுங்கள். சோம்பேறித்தனமாக எழுந்தால் ஒரு கிளிக் திறவுங்கள்.

பாதையில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். தொடர்ச்சியான வேர்கள் மேல் போகும்போது முதல் வேரில் மென்மையாகவும் நான்காவது வேரில் கட்டையாகவும் இருந்தால் ரீபவுண்ட் மந்தம். ஒரு மேட்டிலிருந்து எழுந்து நீள்வதற்குள் அடுத்த மேடு வந்து ஷாக்கை மேலும் மேலும் அமுக்கிவிடுகிறது. குதிக்கும்போது பின்சக்கரம் உங்களை முன்னே தள்ளினால் ரீபவுண்ட் வேகம். புதியவர்களில் நிறைய பேர் மந்தமாக வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். வாகன நிறுத்தத்தில் அது சொகுசாகத் தெரியும், பாதையில் இறங்கினால் பிடிமானத்தைக் குறைத்துவிடும். இன்னொன்று, காற்று ஏற்றினால் ஷாக் திரும்பும் பலமும் கூடும். ஆகவே 10, 15 பிஎஸ்ஐ ஏற்றியவர்கள் ரீபவுண்டையும் ஒரு கிளிக் மூட வேண்டியிருக்கும்.

கம்ப்ரெஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீல லீவரைத் திறந்தே வைத்து எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். நீண்ட ஏற்றத்தில் மட்டும் நடு நிலைக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

வால்யூம் ஸ்பேசர் என்பது ஏர் கேனுக்குள் இடத்தை அடைக்கும் பிளாஸ்டிக் துண்டு. இடம் குறையக் குறைய, ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் அழுத்தம் வேகமாக ஏறி ஷாக் முட்டாமல் காக்கும். சேக் சரியாக இருந்தும் சாதாரண இறக்கத்திலேயே அடிக்கடி முட்டினால் ஸ்பேசரைக் கூட்டுங்கள். எவ்வளவு பெரிய குதிப்பிலும் ஓ-ரிங் கடைசி 10 மி.மீ. பக்கமே போகவில்லையென்றால் குறையுங்கள். ஒரு நாளில் ஒருமுறை முழு ஓட்டத்தையும் தொட்டால் அது குறையல்ல, அதற்காகத்தான் அந்த ஓட்டத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ளோட் வகையில் ஸ்பேசர் மாற்ற ஷாக்கை ஃபிரேமிலிருந்து கழற்றக்கூட வேண்டாம். காற்றை முழுதாக இறக்கி, கேனைத் திருகிக் கீழே தள்ளினால் ஸ்பேசர் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதே சிறு பாதையில் திரும்பத் திரும்ப. காற்று, ரீபவுண்ட், ஸ்பேசர் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

மலையேறும் முன்

சமவெளியில் 35 டிகிரி வெயிலில் 200 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, மறுநாள் காலை 10 டிகிரி குளிரில் ஊட்டியில் ஓட்டினால் காற்று சுருங்கி மீட்டரில் ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். நேற்று சரியாக இருந்த சைக்கிள் இன்று தொய்வாக இருக்கிறதே என்று சீலைச் சந்தேகிக்க வேண்டாம். போன இடத்தில், ஓட்டப்போகும் நேரத்துக் குளிரில், சேக்கை ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள்.

ஓட்டி வந்ததும் குழாயையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்தால் சீலின் ஆயுள் நீளும். வாட்டர் சர்வீஸ் கடையின் வேகமான தண்ணீரை ஷாக் பக்கம் அடிக்க விடாதீர்கள், அது தூசி சீலைத் தாண்டி மண்ணை உள்ளே தள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அது கிரீஸைக் கரைத்துவிடும்.

காயில் ஸ்பிரிங் ஷாக் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏர் கேன் வேலையே இல்லை. அதில் சேக் சரியாக வராவிட்டால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். முன் இறுக்க வளையத்தை ஸ்பிரிங் ஆடாமல் நிற்கும் அளவிலிருந்து இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்கிச் சேக்கைக் குறைக்க முயன்றால் ஷாக் கட்டையாகுமே தவிர உங்கள் எடைக்கு ஒத்துவராது.

டேம்பர் சர்வீஸுக்கு ஷாக்கை அனுப்ப வேண்டிய நேரமும் வரும். ரீபவுண்ட் திருகை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பியும் வித்தியாசம் தெரியாதபோது, அமுக்கும்போது சளக் சளக்கென்று உள்ளே ஆயிலும் காற்றும் கலந்த சத்தம் வரும்போது, ஆயில் சொட்டும்போது அனுப்பிவிடுங்கள். காற்றை இறக்கி, இரு கண்களின் ஸ்பேசர்களையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவை தொலைந்தால் அதே அளவு கிடைப்பது சிரமம். ஷாக்கோடு ஒரு தாளில் உங்கள் எடை, சைக்கிளின் மாடல், வைத்திருந்த அழுத்தம், ரீபவுண்ட் கிளிக், என்ன கோளாறு, ஏர் கேன் சீல்களைக் கடைசியாக மாற்றிய மாதம் எல்லாவற்றையும் எழுதிச் சுற்றி அனுப்புங்கள்.